முகமூடிக்கு ஒரு விலை, முகத்துக்கு ஒரு விலை

படம் முடிந்த பிறகும் எழாமல் உட்கார்ந்திருக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது மார்வெல்தான். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும். அதற்காக நூற்றுக்கணக்கான கிராஃபிக்ஸ் கலைஞர்கள், ஓட்டுநர்கள், கணக்காளர்கள் பெயரெல்லாம் மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பார்ப்பது எங்கே, செல்பேசியை நோண்டிக்கொண்டிருப்போம். நானும் பல வருடம் அப்படித்தான். ஒருமுறை வீட்டில் ‘கேப்டன் அமெரிக்கா: த விண்டர் சோல்ஜர்’ படத்தை இரண்டாம் தடவை பார்த்தபோது, என்னவோ தோன்றி அந்தப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்புறம் அந்த விண்டர் சோல்ஜரை உருவாக்கியவர்கள் யார் என்று தேடப் போனேன். அங்கே ஆரம்பித்தது இந்தப் பைத்தியம்.

அந்த இரும்புக்கை ஆளுக்கு உயிர் கொடுத்தவர்கள் எழுத்தாளர் எட் புரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும். 1940களில் கேப்டன் அமெரிக்காவின் எடுபிடிப் பையனாக இருந்து, செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய பக்கியை, 2005இல் தொடங்கிய காமிக்ஸ் வரிசையில் மூளைச்சலவை செய்யப்பட்ட கொலைகாரனாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். படத்தின் கதையே அதுதான். புரூபேக்கருக்குப் படத்தில் ஒரு சின்ன வேடமும் உண்டு. விஞ்ஞானியாகச் சில நொடிகள் வந்து போவார். பின்னாளில் ஒரு பேட்டியில் அவர் சொன்ன கணக்குதான் என்னை உலுக்கியது. நடிகர் சங்க விதிப்படி அந்தச் சில நொடிகளுக்காக அவருக்கு வந்துகொண்டிருக்கும் பணம், அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதற்காக மார்வெலிடமிருந்து கிடைத்ததைவிட அதிகமாம்.

கதையைக் கொடுத்தவருக்கு நன்றி. முகத்தைக் காட்டியவருக்குப் பணம். இரண்டு பேரும் ஒரே ஆள்!

சூப்பர்ஹீரோ வியாபாரத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த ஒரு கணக்கில் எல்லாம் அடங்கிவிடுவதாகத் தோன்றுகிறது. கம்பெனி முகமூடியைச் சொந்தமாக வாங்குகிறது. ஒரே தடவை, மலிவாக, என்றென்றைக்குமாக. முகத்தை மட்டும் அப்படி வாங்க முடிவதில்லை, அதற்கு வாடகைதான். வாடகை என்றால் அது ஏறத்தானே செய்யும்.

முகமூடியின் விலை முதன்முதலில் முடிவானது 1938 மார்ச்சில். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட சூப்பர்மேனை, பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கத்துக்கு 130 டாலர் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். கதைக்கு மட்டுமல்ல, பாத்திரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 130. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் அந்தக் கதையோடு அந்த ஆண்டே 10 சென்ட்டுக்கு விற்றது. அதன் நல்ல நிலையிலுள்ள பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த 130 டாலரைக் கொடுத்த காசோலை இருக்கிறதே, அந்தக் காகிதத்தையே 2012இல் 1,60,000 டாலர் கொடுத்து யாரோ வாங்கினார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இங்கே கணக்கு எழுதிய சீட்டுக்கே உழக்கு உழக்காகக் கொட்டியிருக்கிறது.

அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். அதற்குப் பிறகும் வெகுகாலம் அதுவே வழக்கமாக இருந்தது. மார்வெல் தன் கலைஞர்களுக்குக் கொடுத்த காசோலைகளின் பின்பக்கத்தில், கையெழுத்துப் போட்டால் உரிமை முழுவதும் கம்பெனிக்கே என்ற வாசகம் அச்சடிக்கப்பட்டிருக்கும். பணத்தை எடுக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கையில் பென்சிலும் வீட்டில் வாடகை பாக்கியும் இருக்கிற ஓவியர் என்ன செய்வார்?

நடிகர் விஷயத்திலும் இதே மாதிரி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கம்பெனிகள் ஆரம்பத்திலேயே ஆசைப்பட்டிருக்கின்றன. 1948இல் கொலம்பியா நிறுவனம் சூப்பர்மேனை முதன்முதலாக உயிருள்ள நடிகரை வைத்துத் தொடர்படமாக எடுத்தது. நடித்தவர் கிர்க் அலின். ஆனால் விளம்பரம் என்ன சொன்னது தெரியுமா? இந்த வேடத்துக்கு ஏற்ற நடிகர் யாரும் கிடைக்கவில்லை, ஆகவே சூப்பர்மேனையே அழைத்து வந்துவிட்டோம்! சிறுவர்களுக்காகச் செய்த வேடிக்கைதான். ஆனாலும் அந்த வேடிக்கைக்குள் ஒரு முதலாளியின் கனவு இருக்கிறது. சொந்தக்காரன் இல்லாத ஒரு முகம்.

1970களின் நடுவில் சூப்பர்மேனைப் பெரிய படமாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சீகல் மாதச் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷஸ்டருக்குக் கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. 1975இல் சீகல் பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். அதில் அந்தப் படத்துக்கு வெளிப்படையாகச் சாபமே விட்டிருந்தார். நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் கூடவே நின்று குரல் கொடுத்தார்கள். கடைசியில் சூப்பர்மேன் உரிமையைக் கையில் வைத்திருந்த வார்னர் நிறுவனம் இறங்கி வந்து, இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் ‘உருவாக்கியவர்கள்’ என்று பெயரும் தர ஒப்புக்கொண்டது.

1978இல் அந்தப் படம் வந்தது. சூப்பர்மேனின் அப்பாவாக இருபது நிமிடம்கூட வராத மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலர், அதற்கு மேல் வசூலில் பங்கு. சூப்பர்மேனாகவே நடித்த கிறிஸ்டோபர் ரீவுக்கு, சேர்த்து எடுக்கத் தொடங்கிய இரண்டு படங்களுக்கும் மொத்தமாக 2.5 லட்சம் டாலர். டைட்டிலில் பிராண்டோ முதலில், ஜீன் ஹேக்மன் இரண்டாவது. ரீவின் பெயர் அதற்குப் பிறகுதான்.

சூப்பர்மேன் வேடத்துக்கு ஆள் தேடிய கதை தனிச் சிரிப்பு. நட்சத்திரங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். தயாரிப்பாளரின் மனைவிக்குப் பல் பார்த்த மருத்துவரைக்கூடக் கேமரா முன்னால் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ரீவ் வந்தபோது ஒல்லி. அவருக்கு உடற்பயிற்சி கொடுத்துத் தோளை அகலமாக்கியவர் டேவிட் பிரௌஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் நின்றவர் அவர்தான்! குரல் இன்னொருவருடையது; பின்னால் வந்த படத்தில் முகமூடியைக் கழற்றிக் காட்டியபோது, முகமும் இன்னொருவருடையது. உலகத்துக்கே தெரிந்த உருவம், தெருவில் நடந்து போனால் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாமல் முகமூடிக்குள் இருந்தால் எவ்வளவு பேரம் பேச முடியும் என்பதற்கு பிரௌஸைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரீவைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்தத் தொழிலின் முதல் சூத்திரம் பிறந்தது. கதாநாயகனுக்குப் புதுமுகம், சுற்றியிருப்பவர்களுக்குப் பெரிய பெயர்கள். புதுமுகம் என்றால் ரசிகன் கண்ணுக்கு நடிகன் தெரிய மாட்டான், பாத்திரம்தான் தெரியும். அது கலைக் காரணம். சம்பளம் குறைவு என்பது கணக்குப்பிள்ளையின் காரணம். இரண்டும் ஒரே திசையில் இழுக்கும்போது யார் இழுத்தார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

1989இன் ‘பேட்மேன்’ அதே சூத்திரத்தைக் கொஞ்சம் வளைத்தது. வில்லனாக நடித்த ஜாக் நிக்கல்சன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வசூலிலும் பொம்மை விற்பனையிலும் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர். நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன் என்றதும் வார்னருக்கு ஐம்பதாயிரம் கண்டனக் கடிதங்கள் வந்தன. இணையம் இல்லாத காலம். ஒவ்வொன்றுக்கும் தபால்தலை ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! படம் வந்த பிறகு அந்தக் கடிதம் எழுதியவர்களில் ஒருவரையும் காணோம். இதே நாடகம் ஹீத் லெட்ஜருக்கு, பென் அஃப்லெக்குக்கு, ராபர்ட் பேட்டின்சனுக்கு என்று திரும்பத் திரும்ப நடந்தது. லெட்ஜர்தான் ஜோக்கர் என்று 2006இல் கேள்விப்பட்டபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். நண்பர்களிடம் நீளமாக வாதாடியிருக்கிறேன். அவர் மறைந்த பிறகு, 2009இல் அவருக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்ட அன்று அந்த நண்பர்களில் ஒருவர் என்னை அழைத்து ஒன்றுமே பேசாமல் சிரித்துவிட்டு வைத்தார். ஹியூ ஜாக்மனையும் அப்படித்தான் மட்டம் தட்டினோம். காமிக்ஸில் வுல்வரின் ஐந்தேகால் அடி குள்ளன், இவரோ ஆறு அடிக்கு மேல். அவர் முதலில் தேர்வானவர்கூட இல்லை. டக்ரே ஸ்காட் வேறொரு படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதில் மாட்டிக்கொள்ள, ‘எக்ஸ்-மென்’ படப்பிடிப்பு தொடங்கிய பிறகு உள்ளே வந்தவர். வந்தவர் கால் நூற்றாண்டாகப் போக மாட்டேன் என்கிறார். ரசிகனுக்குக் காமிக்ஸ் தெரியும், நடிப்புத் தேர்வு தெரியாது என்பதை நான் இப்படித்தான் கற்றேன். அந்தப் பெருமையெல்லாம் நடிகர் தேர்வு இயக்குநர்களுக்குப் போக வேண்டியது. அவர்களுடைய வேலைக்கு ஆஸ்கரில் ஒரு விருது ஏற்படுத்தவே 2024 வரை ஆகியிருக்கிறது, அதுவும் அறிவிப்பு அளவில்.

சரி, காமிக்ஸ் வியாபாரத்துக்கு வருவோம். இன்றைக்கு மார்வெல் என்றால் சினிமா என்று ஆகிவிட்டது. 1990களில் அது பங்குச் சந்தை, சேகரிப்பு அட்டைகள், பொம்மைகள். 1989இல் ரான் பெரல்மன் என்ற முதலீட்டாளர் மார்வெலை 8.25 கோடி டாலருக்கு வாங்கினார். காமிக்ஸைப் படிப்பவர்களைவிட, நாளைக்கு விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பவர்கள் அதிகமாக இருந்த காலம் அது. 1991இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளோடு அச்சடித்தார்கள், எண்பது லட்சம் பிரதிகள் போயின. எண்பது லட்சம் பேரிடம் இருக்கும் பொருள் எப்படி அரிய பொருளாகும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்டது.

வீட்டில் கஷ்டம் வந்தால் நகையை அடகு வைப்பது போல மார்வெல் தன் பாத்திரங்களின் சினிமா உரிமையை அதற்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்-மென் ஃபாக்ஸ் ஸ்டுடியோவுக்குப் போனது. ஸ்பைடர்மேன் 1985இலிருந்து கம்பெனி மாறிக் கம்பெனி போய், வழக்குகளில் சிக்கி, 1999இல்தான் சோனியிடம் போய்ச் சேர்ந்தது. 2002இல் அந்தப் படம் வந்தபோது அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்தப் படமும் தாண்டாத கோடு அது. நகை இன்னொருத்தி கழுத்தில் ஜொலிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது மார்வெல்.

இந்த உரிமை விளையாட்டில் எனக்கு மனம் கனக்கும் கதை ஒன்று உண்டு. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ உரிமையை வைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பாளர் 1992 முடிவதற்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும் நிலை. அதனால் மலிவுப் படங்களுக்குப் பெயர்போன ராஜர் கோர்மனைக் கூட்டுச் சேர்த்து, டிசம்பர் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் படப்பிடிப்பைத் தொடங்கினார். செலவு பத்து லட்சம் டாலர் அளவில். நடித்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு என்று நம்பிக்கை. தங்கள் கைக்காசைப் போட்டு விளம்பரத்துக்கு அலைந்தார்கள். படம் வெளியாகவே இல்லை. திருட்டு கேசட்டில் பார்த்தவர்கள்தான் உண்டு. முப்பது வருடம் கழித்து, 2025இல் வந்த புதிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் அந்தப் பழைய நான்கு பேரையும் கூப்பிட்டுச் சின்ன வேடங்களில் காட்டினார்கள். யார் யோசனையோ தெரியாது, நல்ல மனசு. 2022இல் வார்னர் எடுத்து முடிக்கும் கட்டத்தில் இருந்த ‘பேட்கேர்ள்’ படத்தை, சுமார் 9 கோடி டாலர் செலவழித்த பிறகு, வெளியிடாமலே கணக்கில் நஷ்டமாக எழுதி மூடியது. ஒரு காலத்தில் உரிமைக்காக வெளியிடாத படம் எடுத்தார்கள். இன்னொரு காலத்தில் வரிக்காக எடுத்த படத்தைப் புதைத்தார்கள். இரண்டிலும் முகமூடி கம்பெனியிடம் பத்திரமாக இருந்தது. போனது நடித்தவர்களின் வருடங்கள்தான்.

2005இல் மார்வெல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கியின் ஏற்பாட்டில் 52.5 கோடி டாலர் கடன். ஈடாக வைத்தது கட்டடமோ நிலமோ அல்ல, கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் உள்ளிட்ட பத்துப் பாத்திரங்களின் சினிமா உரிமை. படங்கள் ஓடாவிட்டால் அவை போய்விடும். அதில் ஜாக் கிர்பியின் பென்சிலில் பிறந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, காகிதத்தைத் தானே வாங்கி, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவர் கிர்பி. 1994இல் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் 2009இல் உரிமை கேட்டார்கள். கூலிக்குச் செய்த வேலை, உரிமை கம்பெனிக்கே என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசல்படியில் நின்றபோது, 2014இல், சமரசம் ஆனது. அதற்குள் மார்வெலையே 400 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கடன் பணத்தில் எடுத்த முதல் படம் ‘அயர்ன் மேன்’. இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ கேட்ட நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர். போதைப் பழக்கத்தால் சிறை வரை போய் மீண்டவர். அவரை நம்பிக் கடன் பணத்தைப் போட முடியாது என்று மார்வெல் மேலிடம் மறுத்தது. ஃபேவ்ரோ விடவில்லை, கேமரா முன்னால் நடித்துக் காட்ட வைத்தார். பார்த்த பிறகு பேச்சு நின்றது. சம்பளம் ஐந்து லட்சம் டாலர் என்றும், அவருடைய நண்பனாக நடித்த டெரன்ஸ் ஹோவர்டுக்கு அதைவிடப் பல மடங்கு என்றும் ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின.

இந்தப் படத்தில் நான் வியக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. இரும்புத் தலைக்கவசம் போட்ட கதாநாயகன். கவசத்தை மூடினால் நடிகர் காணாமல் போவார். என்ன செய்தார்கள்? கேமராவைக் கவசத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். முகத்துக்கு அருகே நீல எழுத்துகள் மிதக்க, டவுனியின் கண்ணும் புருவமும் திரை முழுக்க. அப்புறம் கடைசிக் காட்சி. காமிக்ஸில் டோனி ஸ்டார்க் பல பத்தாண்டுகள் தன் அடையாளத்தை மறைத்தே வைத்திருந்தான், அயர்ன் மேன் என் மெய்க்காப்பாளன் என்று சொல்லிச் சமாளித்தான். படத்தில் செய்தியாளர்கள் முன்னால் நான்தான் அயர்ன் மேன் என்று போட்டு உடைத்துவிடுகிறான். படப்பிடிப்பில் டவுனியாகச் சேர்த்த வசனம் அது. ரகசிய அடையாளம் என்ற எழுபது வருட மரபு அந்த ஒரு வரியில் செத்தது. கலையாகப் பார்த்தால் அருமையான முடிவு. கணக்காகப் பார்த்தால், முகமும் முகமூடியும் ஒன்றே என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம்.

இதற்கு நேர் எதிர் ‘ஜட்ஜ் டிரெட்’. இங்கிலாந்துக் காமிக்ஸ். டிரெட் தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டான், அது விதி. 1995இல் ஸ்டலோன் கழற்றினார், ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2012இல் கார்ல் அர்பன் படம் முழுக்கக் கழற்றவே இல்லை. வாயையும் தாடையையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதனைக் காட்டினார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். படம் ஓடவில்லை.

‘அயர்ன் மேன்’ ஓடியது, 58 கோடி டாலருக்கு மேல். உடனே வாடகை ஏறியது. அடுத்த பாகத்தில் ஹோவர்டுக்குப் பதில் டான் சீடில். துணைப் பாத்திரத்தில் முகத்தை மாற்றலாம், யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டது, சரியாகத்தான் போட்டது. டவுனியை மாற்ற முடியவில்லை. 2012இன் ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் பங்குத் தொகையெல்லாம் சேர்த்து அவருக்கு ஐந்து கோடி டாலர் அளவில் போனதாகச் செய்தி.

சுதாரித்துக்கொண்ட மார்வெல், புதிதாக வந்த எல்லோரிடமும் நீண்ட ஒப்பந்தத்தை நீட்டியது. சாமுவேல் ஜாக்சனுக்கு ஒன்பது படம். கிறிஸ் எவன்ஸுக்கும் முதலில் ஒன்பதுதான் கேட்டார்கள். அவர் பயந்து மறுத்து, ஆறாகக் குறைத்த பிறகு ஒப்புக்கொண்டார். நன்றாகப் பாருங்கள், இதுவும் 130 டாலர் தர்க்கம்தான். பெயர் பெறுவதற்கு முன்பே, பெயர் பெற்ற பிறகுள்ள வருடங்களையும் சேர்த்து இன்றைய விலைக்கு எழுதி வாங்கிக்கொள்வது. ஒரே வித்தியாசம், நடிகரிடம் வக்கீலும் ஏஜெண்டும் சங்கமும் இருக்கிறார்கள். அதனால் ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ பார்த்தபோது அரங்கமே விசும்பியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஆனால் ஒரு நாயகன் சாவதையும் இன்னொருவன் கிழவனாகி ஓய்வெடுப்பதையும் பார்த்துக்கொண்டே, யாருக்கு எத்தனை படம் பாக்கி என்று மனதுக்குள் விரல் மடக்கினேன். இந்தப் பைத்தியத்தின் பக்கவிளைவு அது.

ஜாக்சன் கதை தனி ரகம். 2002இல் தொடங்கிய ‘அல்டிமேட்ஸ்’ காமிக்ஸில் நிக் ஃப்யூரி என்ற உளவுத் தலைவனை அவருடைய முகத்திலேயே வரைந்துவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. போதாததற்கு, நம்மைப் பற்றிப் படம் எடுத்தால் யார் நடிப்பார்கள் என்று பாத்திரங்கள் அரட்டையடிக்கும் காட்சியில், எனக்குச் சாமுவேல் ஜாக்சன்தான் என்று ஃப்யூரியே சொல்கிறான்! ஜாக்சன் காமிக்ஸ் வாசகர். கடையில் பார்த்திருக்கிறார். அவர் தரப்பிலிருந்து கேள்வி போனது. சண்டையாக வேண்டியது, படம் எடுத்தால் நீங்களே நடிக்க வேண்டும் என்பதாக முடிந்தது. கிர்பியின் பென்சிலிலிருந்து உருவத்தை எடுத்தால் கேட்பாரில்லை. ஜாக்சனின் முகத்தை எடுத்தால் ஒன்பது படம்.

படைப்பாளிகளுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை என்றும் சொல்லக் கூடாது. சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கும் டிசி காமிக்ஸில் பாத்திரத்தை உருவாக்கியவருக்குப் பங்கு தரும் ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. அதன் விளைவு விசித்திரமானது. வுல்வரினை உருவாக்கியவர்களில் ஒருவரான லென் வீனுக்கு, அந்த வுல்வரினைவிட, பேட்மேன் கதையில் வரும் லூசியஸ் ஃபாக்ஸ் என்ற கம்பெனி நிர்வாகிதான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தான். நோலனின் படங்களில் மார்கன் ஃப்ரீமன் நடித்த பாத்திரம். அவெஞ்சர்ஸ் படங்களின் பெரிய வில்லன் தானோஸைப் படைத்த ஜிம் ஸ்டார்லின் 2017இல் எழுதியது இன்னும் கொடுமை. ‘பேட்மேன் வர்சஸ் சூப்பர்மேன்’ படத்தில் வந்த ஒரு சில்லறை வில்லனுக்காக டிசி அனுப்பிய தொகை, தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூன்றுக்கும் மார்வெல் படங்களிலிருந்து கிடைத்ததைக் கூட்டினாலும் அதைவிடப் பெரியதாம். அவர் வெளியே சொன்ன பிறகு மார்வெல் புது ஒப்பந்தம் போட்டது. வாயுள்ள பிள்ளை பிழைத்தது.

நடிகர்களுக்கும் எப்போதும் வெற்றி இல்லை. 2021இல் ‘பிளாக் விடோ’ படத்தைத் திரையரங்கில் வெளியிட்ட அன்றே டிஸ்னி தன் இணையச் சேவையிலும் விற்றது. சம்பளத்தின் பெரும்பகுதி அரங்கு வசூலைச் சார்ந்திருந்ததால் ஸ்கார்லெட் ஜோஹான்சன் வழக்குப் போட்டார். இரண்டே மாதத்தில் சமரசம். சீகல் போராடியது பல பத்தாண்டுகள்.

என் கணக்கெல்லாம் குழம்பிப்போகும் இடம் சாட்விக் போஸ்மன். 2018இல் ‘பிளாக் பேந்தர்’ 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் நாயகனான அவர் 2020 ஆகஸ்டில் புற்றுநோயில் மறைந்தார். மிக நெருங்கியவர்களுக்குத் தவிர நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது. ட்சல்லா என்ற அந்தப் பாத்திரம் 1966இலிருந்து கம்பெனியின் சொத்து. இன்னொருவருக்குக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. கொடுக்க வேண்டும் என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கேட்கவும் செய்தார்கள். அப்படி ஓர் அரசன் திரையிலிருந்து மறையக் கூடாது என்று அவர்கள் சொன்ன நியாயம் எனக்குப் புரிந்தது. மார்வெல் கொடுக்கவில்லை. 2022இல் வந்த படம் ஒரு சவ ஊர்வலத்தோடு தொடங்கியது. முகமூடி தங்கைக்குப் போனது. முகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முழு உரிமை கையில் இருந்தும் கம்பெனி உரிமையைப் பயன்படுத்தத் தயங்கிய ஒரே இடமாக அது என் நினைவில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மார்வெலுக்குச் சரிவு. 2023இல் ‘த மார்வெல்ஸ்’ உலகம் முழுக்கச் சுமார் 20 கோடி டாலரோடு நின்றுவிட்டது. 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் ரசிகர் விழா மேடையில் பச்சை அங்கியும் இரும்பு முகமூடியும் போட்ட ஒரு கூட்டம் வந்து நின்றது. நடுவில் நின்றவர் முகமூடியைக் கழற்றினார். டவுனி. இந்தத் தடவை அயர்ன் மேன் இல்லை, டாக்டர் டூம். 1962இல் ஸ்டான் லீயும் கிர்பியும் உருவாக்கிய வில்லன். ஃபாக்ஸிடம் அடகில் இருந்து, அந்த நிறுவனத்தின் பெரும்பகுதியையே டிஸ்னி வாங்கியதில் 2019இல் வீடு திரும்பியவன். அரங்கம் கூரை பறக்கக் கத்தியது. நான் அந்தக் காணொளியை நாலைந்து தடவை பார்த்தேன். முகமூடியோடு நிற்கும்வரை ஆர்வம் மட்டும்தான் இருந்தது. கழற்றிய பிறகுதான் அந்தக் கூச்சல்.

டாக்டர் டூம் இரும்பு முகமூடியைக் கழற்றாதவன். அறுபது வருடமாகக் காமிக்ஸ் அவனுடைய முகத்தை வாசகனுக்குக் காட்டுவதை அநேகமாகத் தவிர்த்தே வந்திருக்கிறது. டவுனி டூமாக வரும் படத்தை 2026 டிசம்பருக்கு அறிவித்திருக்கிறார்கள். எத்தனையாவது நிமிடத்தில் அந்த முகமூடி கழலும் என்று நண்பரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். நான் சொன்னது பதினைந்து. அவர் பத்து என்கிறார்.